ஆடு கொடுத்த நாளுக்குப் பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் உங்கள் நாளிதழில் ஒரு படம் வந்திருந்தது. ஒரு தொண்டு நிறுவனம் கிராமத்து ஏழைக் குடும்பங்களுக்கு ஆடு வழங்கிய படம். வரிசையாகப் பெண்கள் நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஓர் ஆடு. எல்லோரும் கேமராவைப் பார்க்க, ஓரத்தில் நின்ற ஒரு பெண் மட்டும் குனிந்து ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்திருந்தார். அந்தக் கையை நான் வெகுநேரம் பார்த்தேன்.

நான் 23 ஆண்டுகள் கிராமங்களில் களப்பணியாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். படத்தில் இருப்பது போன்ற நாட்களை நானே பலமுறை ஏற்பாடு செய்திருக்கிறேன். பந்தல் போட்டு, பெயர் வாசித்து, ஆட்டைப் பிடித்துக் கையில் கொடுத்திருக்கிறேன். அது நல்ல நாள்தான். கொடுப்பவர்களின் மனசும் நல்ல மனசுதான். ஆனால் ஒரு குடும்பம் வறுமையிலிருந்து மேலே வருவதோ, வராமல் போவதோ அதற்கு அடுத்து வரும் நூறு வாரங்களில் முடிவாகிறது. அந்த நூறு வாரங்களுக்குப் பணம் தர முன்வருபவர்கள் மிகவும் குறைவு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்த மூன்றாவது வருடம் நடந்தது இது. அப்போது நான் இருந்த நிறுவனம் ஓர் ஊரில் 40 குடும்பங்களுக்கு ஆளுக்கு இரண்டு பெட்டை ஆடு கொடுத்தது. ஏழு மாதம் கழித்து, அறிக்கை எழுதுவதற்காக மறுபடியும் அந்த ஊருக்குப் போனோம். இடையில் எங்களில் ஒருவரும் போகவில்லை. போய்வரும் செலவுக்குத் திட்டத்தில் பணம் ஒதுக்கியிருக்கவில்லை. 40 வீடுகளில் 11 வீட்டில்தான் ஆடு இருந்தது. மற்ற வீடுகளில் விற்றிருந்தார்கள், அல்லது செத்துப்போயிருந்தது. நான் அறிக்கையில், 'பயனாளிகளிடம் பொறுப்புணர்வு குறைவு' என்று எழுதினேன். அந்த ஒரு வரியை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

எழுதிய பிறகும் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் தனியாக அந்த ஊருக்குப் போனேன். ஆட்டை விற்றவர்களில் ஒரு பெண், கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். வாசலில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே வெளியே வந்தார். "கோபப்படாதீங்க அக்கா" என்றுதான் ஆரம்பித்தார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஆடு வந்த முதல் வாரம் அவர் கூலி வேலைக்குப் போகவில்லை, ஆட்டை மேய்க்கப் போனார். அந்த வாரம் வீட்டில் காசு இல்லை. இரண்டாவது வாரம் கூலிக்குப் போனார், ஆட்டை மகளிடம் விட்டார். மகள் பள்ளிக்கூடம் போகவில்லை. மகளின் கையிலிருந்து தப்பிய ஆடு பக்கத்துக் காட்டில் இறங்கிப் பயிரைக் கடித்துவிட்டது. காட்டுக்காரர் ஆட்டைப் பிடித்துக் கட்டிவைத்துக்கொண்டார். அவரிடம் கெஞ்சி மீட்டு வந்தார். ஐந்தாவது வாரம் சின்னப் பையனுக்குக் காய்ச்சல், மூன்று நாளாகியும் இறங்கவில்லை. விஷயம் தெரிந்து வியாபாரி ஒருவர் வீட்டுக்கே வந்தார். இரண்டு ஆட்டையும் பாதி விலைக்குக் கேட்டார். "எங்கிட்ட வேற என்ன இருக்கு அக்கா விக்கிறதுக்கு?" என்று கேட்டார் அந்தப் பெண். பையன் பிழைத்துக்கொண்டான்.

நான் பொறுப்பில்லை என்று எழுதியது இவரைத்தான். அந்த வீட்டில் அவரைவிடப் பொறுப்பாக யாராலும் நடந்திருக்க முடியாது. மகனின் உயிரையும் ஆட்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டிய நிலையில் அவரை நிறுத்தியது நாங்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தாலே எங்கள் தவறு தெரிந்திருக்கும். ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய ஐந்து மாதம். பிறந்த குட்டி நல்ல விலைக்குப் போகிற அளவு வளர இன்னும் ஆறேழு மாதமாவது ஆகும். வாங்கும்போதே சினையாக இல்லாவிட்டால் கையில் முதல் காசு வர ஒரு வருடம் ஓடிவிடும். அந்த ஒரு வருடம் அந்த வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? அன்றன்றைய கூலியில் வாழும் குடும்பத்துக்கு ஆடு வந்ததும் ஒரு வேலை கூடுகிறது, வருமானம் கூடவில்லை, சில நேரம் குறையவும் செய்கிறது. இதையெல்லாம் தாண்டினாலும் ஆட்டுக்கொல்லி நோய் என்று ஒன்று இருக்கிறது. தடுப்பூசி போடாத மந்தையில் புகுந்தால் சில நாளில் கொட்டிலே காலியாகும். உலகத்திலிருந்தே அந்த நோயை 2030க்குள் ஒழித்துவிட வேண்டும் என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு இலக்கு வைத்து வேலை செய்கிறது. அப்படியென்றால் அது எத்தனை ஏழை வீட்டுக் கொட்டில்களைக் காலி செய்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் 40 குடும்பங்களுக்குத் தடுப்பூசி எங்கே போடுவார்கள் என்றுகூட நாங்கள் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

சரி, ஆட்டை இலவசமாகக் கொடுப்பதால்தான் இப்படி, கடனாகக் கொடுத்தால் அக்கறை வரும் என்று சொல்பவர்கள் உண்டு. முகமது யூனுஸ் 1976இல் வங்கதேசத்து ஜோப்ரா கிராமத்தில் தொடங்கிய சிறுகடன் முயற்சி 1983இல் கிராமீன் வங்கியாக வளர்ந்தது. 2006இல் அவருக்கும் அந்த வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. கையில் ஏற்கெனவே ஒரு சிறு தொழில் வைத்திருக்கிறவர்களுக்குச் சிறுகடன் உதவியாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஊரின் கடைசி வீட்டுக்காரர்கள் அந்தக் கடனை வாங்க மாட்டார்கள், அவர்களுக்குக் கொடுக்கவும் குழுவில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். காரணம் எளிது. கடன் வாங்கிய அடுத்த வாரமே தவணை ஆரம்பித்துவிடும். ஆடு குட்டி போட ஐந்து மாதம் ஆகும். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்ள அவர்கள் தயாராக இல்லை. அது பயம் என்று நான் முதலில் நினைத்தேன். பிறகுதான் அது கணக்கு என்று புரிந்தது. 2015இல் ஆறு நாடுகளில் நடந்த சிறுகடன் ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தபோதும், கடன் மட்டுமே ஏழைகளின் வாழ்க்கையைப் புரட்டிப்போடுகிறது என்று சொல்ல முடியவில்லை.

இந்தக் கடைசி வீட்டுப் பிரச்சினையை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டது வங்கதேசத்தின் 'பிராக்' அமைப்பு. ஃபஸ்லே ஹசன் அபேத் 1972இல் தொடங்கியது. அவர்களும் சிறுகடன் கொடுத்து வந்தவர்கள்தான். மிகவும் ஏழைகள் தங்கள் திட்டங்களுக்கு உள்ளேயே வருவதில்லை என்பதை அவர்களே கவனித்தார்கள். 2002இல் அவர்களுக்கென்றே தனியாக ஒரு திட்டம் தொடங்கினார்கள். மாடோ ஆடோ கோழியோ, பிழைப்புக்கு ஒரு சொத்து. அது வருமானம் தரும்வரை வீட்டுச் செலவுக்குச் சிறு உதவித்தொகை. வளர்க்கப் பயிற்சி. நோய் வந்தால் மருத்துவ உதவி. சேமிப்புப் பழக்கம். இவை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் கயிறாக, வாரா வாரம் வீட்டுக்கு வரும் ஒரு பணியாளர். இரண்டு வருடம்.

இதைப் பற்றி முதன்முதலில் கேள்விப்பட்டபோது நான் என் பழைய 40 குடும்பங்களைத்தான் நினைத்தேன். அந்தப் பெண்ணின் முதல் வாரத்துக்கு உதவித்தொகை இருந்திருந்தால் கூலி போனது தாங்கியிருக்கும். ஐந்தாவது வாரத்துக்கு மருத்துவ உதவி இருந்திருந்தால் வியாபாரி வந்தபோது அவர் இல்லை என்று சொல்லியிருப்பார். நாங்கள் சொத்தைக் கொடுத்தோம், அதைத் தாங்கிப் பிடிக்கும் தூண்களைக் கொடுக்கவில்லை.

பிறகு நான் சேர்ந்த வேறொரு நிறுவனம் இதே முறையைப் பின்பற்றியது. என் வேலைக்காலத்தில் நான் நிம்மதியாகத் தூங்கிய வருடங்கள் அவை.

முதல் வேலை, யாருக்குக் கொடுப்பது என்று கண்டுபிடிப்பது. இது சுலபம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். ஊரைக் கூட்டி, தரையில் சுண்ணாம்புப் பொடியால் ஊரின் வரைபடத்தை அவர்களையே போடச் சொல்வோம். இது பாதை, இது கிணறு, இது இன்னார் வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அட்டை. பிறகு அந்த அட்டைகளை ஊர்க்காரர்களே வசதிப்படி அடுக்குவார்கள். யார் வீட்டில் எத்தனை பேர் உழைக்கிறார்கள், யாருக்கு நிலம் இருக்கிறது, யார் அடுத்த வேளைக்குக் கடன் கேட்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வாதம் நடக்கும், சில நேரம் சண்டையும் நடக்கும். ஓர் ஊரில் எல்லாம் முடிந்து அட்டைகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, தண்ணீர்க் குடத்தோடு போன ஒரு பெண் நின்று வரைபடத்தைப் பார்த்தார். "ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கே, அதைக் காணோமே?" என்றார். கூட்டம் ஒரு நொடி பேசாமல் இருந்தது. அப்புறம் ஒருவர், "அந்தப் பொண்ணு இந்த ஊர் இல்லீங்க" என்றார்.

வேறு ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் இறந்துவிட்டார், கணவரின் உறவுகள் ஒதுக்கிவிட்டார்கள், வலது கை முழங்கைக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. பத்து வருடமாக அந்த ஊரில் இருக்கிறார். அவருக்கு ஓர் அட்டை எழுத யாருக்கும் தோன்றவில்லை. கூட்டத்துக்கு வாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டவரும் இல்லை. அன்றிலிருந்து வரைபடத்தில் இருக்கும் வீடுகளைப் பார்ப்பதோடு நான் நிறுத்திக்கொள்வதில்லை. ஊரின் விளிம்பைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டுத்தான் பட்டியலை முடிப்பேன். பட்டியலில் பெயர் இல்லாதவர்தான் பெரும்பாலும் அந்த ஊரின் முதல் பெயராக இருக்க வேண்டியவர்.

அவர் ஆடு வேண்டாம் என்றார். ஒரு கையால் இரண்டு ஆட்டைக் கயிற்றில் பிடிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தோன்றவில்லை. கோழி கேட்டார். கொடுத்தோம்.

வாரா வாரம் போவது என்றால் என்ன என்று நன்கொடையாளர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். போய் என்னதான் செய்வீர்கள் என்று. என் பொறுப்பில் 50 வீடுகள். ஒரு வீட்டில் இருபது நிமிடம், அரைமணி நேரம். முதலில் ஆட்டையோ கோழியையோ பார்ப்பேன். கண்ணில் பீளை இருக்கிறதா, சாணம் இறுகியிருக்கிறதா, கழிகிறதா, தீவனத்தை ஒதுக்குகிறதா. குடற்புழு மருந்து கொடுத்த தேதியை நோட்டில் சரிபார்ப்பேன். பிறகு இந்த வாரம் எத்தனை நாள் வேலை கிடைத்தது, வட்டிக்கு வாங்கினீர்களா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்களா என்று கேட்பேன். சேமிப்பை எண்ணி, அவரையே எழுத வைப்பேன். எழுதத் தெரியாதவர்களுக்கு முதல் இரண்டு மாதம் எண்கள் மட்டும் சொல்லிக்கொடுப்போம். இதில் எதுவும் பெரிய வித்தை இல்லை. செவ்வாய்க்கிழமை வருவேன் என்று சொன்னால் செவ்வாய்க்கிழமை வர வேண்டும், அவ்வளவுதான். மழை பெய்தாலும் வர வேண்டும். 'யாரோ ஒருவர் எனக்காகத் திரும்பத் திரும்ப வருகிறார்' என்பது அந்த வீடுகளில் சிலருக்கு வாழ்க்கையில் முதல்முறை நடப்பது.

ஓடைக்கரைப் பெண் முதல் இரண்டு மாதமும் வாசற்படிக்கு உள்ளே நின்றபடியே பதில் சொல்வார், முகத்தைப் பார்க்க மாட்டார். மூன்றாவது மாதம் வெளியே வந்து உட்கார்ந்தார். ஐந்தாவது மாதம் எனக்கு முன்பே நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். இதை என் உணர்ச்சி என்று ஒதுக்க வேண்டாம். நைஜர் நாட்டில் நடந்த ஓர் ஆய்வு 2022இல் வெளியானது. பணத்தோடும் பயிற்சியோடும் சேர்த்து, ஊர் மக்களை உட்காரவைத்து எதிர்காலம் பற்றிப் பேசுவது, தன்னம்பிக்கைப் பயிற்சி தருவது போன்றவற்றைச் செய்தபோது அந்தச் செலவுக்கு நல்ல பலன் கிடைத்தது என்று அதில் காட்டினார்கள்.

அந்தக் கோழிகள் விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளைக்கழிச்சல் நோய் கோழிகளை எப்படி வாரிக்கொண்டு போகும் என்று வளர்த்தவர்களுக்குத் தெரியும். காலையில் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும், சில நாளில் கூண்டே காலியாகிவிடும். நோட்டில் தேதி குறித்து வைத்திருந்ததால் அவருடைய கோழிகளுக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட வைத்தேன். அந்த வருடம் அடுத்த ஊரில் கொத்துக் கொத்தாகச் செத்தன. அவரிடம் இரண்டுதான் போயின.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில், பிராக் காட்டிய வழியில் 10,495 பேரை உள்ளடக்கி ஓர் ஆய்வு நடந்தது. 2015இல் வெளியானது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் எழுதியது. அந்த இருவரும் மைக்கேல் கிரேமரும் 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்கள். திட்டம் முடிந்து ஒரு வருடம் ஆன பிறகும் குடும்பங்களின் செலவு செய்யும் சக்தியும் சொத்தும் கூடியே இருந்தன. திட்டம் கைகொடுக்காமல் போனது ஹோண்டுராஸில். அங்கே பலர் கோழிகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கோழிகளில் நிறைய நோயில் செத்துப்போயின. அலுவலகத்தில் ஓர் இளைய தோழி இந்தக் கட்டுரையை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஹோண்டுராஸ் வந்ததும் நான் அவளைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். எந்த ஊரோ, எந்த மொழியோ, காலையில் எழுந்து கூண்டைத் திறந்து பார்த்த அந்தப் பெண்களை எனக்குத் தெரியும் என்று தோன்றியது.

கானாவில் இன்னொரு கேள்வியையும் சோதித்தார்கள். முழுத் திட்டத்துக்குச் செலவு அதிகம், சொத்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடக் கூடாதா? சேமிப்புக்கு மட்டும் வழி செய்தால் போதாதா? சொத்து மட்டும் பெற்றவர்களுக்கும், சேமிப்பு மட்டும் பெற்றவர்களுக்கும் நிலைத்த முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. எல்லாம் சேர்ந்து கிடைத்தவர்களுக்குத்தான் தெரிந்தது. என் 40 குடும்பங்களின் கதையை யாரோ முறைப்படி எண்ணிப் பார்த்தது போல இருந்தது எனக்கு.

நம் நாட்டிலும் மேற்கு வங்கத்தில் பந்தன் என்ற நிறுவனம் நடத்திய திட்டத்தைப் பத்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தார்கள். பலன் தேய்ந்துபோகவில்லை, அந்தக் குடும்பங்கள் இன்னும் மேலேயே இருந்தன. வங்கதேசத்தில் 11 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சொத்து கிடைத்த பிறகும் ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே நின்றவர்கள் மெல்லச் சறுக்கிப் பழைய இடத்துக்கே வந்தார்கள். அந்த மட்டத்தைத் தாண்டியவர்கள் மேலும் மேலும் சேர்த்துக்கொண்டு போனார்கள். சேற்றில் சிக்கிய வண்டியைத் தள்ளுவது போலத்தான். முக்கால் வாசி தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் வண்டி பின்னால் உருளும். அதனால்தான் நூறு குடும்பங்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பதைவிட, முப்பது குடும்பங்களை மேடு ஏற்றிவிட்டு அடுத்த முப்பதுக்குப் போங்கள் என்கிறேன். எண்ணிக்கை குறைவாக இருக்கிறதே என்று அறிக்கை படிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

நேரடியாகப் பணமாகவே கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கென்யாவில் அப்படிக் கொடுத்து நல்ல பலன் பார்த்திருக்கிறார்கள். பணம் கொடுத்தால் குடித்தே அழித்துவிடுவார்கள் என்ற பேச்சுக்கு உலகெங்கும் நடந்த ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை, என் அனுபவமும் அதுதான். என் கவலை ஓடைக்கரை வீடு மட்டும்தான். வரைபடத்திலேயே இல்லாத வீட்டுக்குப் பணம் எப்படிப் போய்ச் சேரும்? அங்கே நடந்துபோக ஓர் ஆள் வேண்டும்.

ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிலமும் செல்வாக்கும் உள்ளவர்களை எதிரிகளாக நினைத்து ஒதுக்கிவிட்டு இந்த வேலை நடக்காது. பிராக்கும் ஊருக்கு ஊர் அப்படிப்பட்டவர்களைக் கொண்ட குழுக்களை வைத்தது. எங்கள் ஊர்களில் ஒன்றில் ஒரு பெண்ணின் ஆடு, பழைய கதையைப் போலவே, யாரோ ஒருவர் காட்டில் இறங்கி, பிடித்துக் கட்டப்பட்டது. இந்த முறை குழுவிலிருந்த ஒரு பெரியவர் போய்ப் பேசினார். தன் வரப்போரத் தழையை அறுத்துக்கொள்ளவும் அந்தப் பெண்ணுக்கு அனுமதி கொடுத்தார். ஆட்டை வெளியே ஓட்டாமல் கட்டிப்போட்டு வளர்க்க முடிந்ததால், அந்த வீட்டுப் பெண்பிள்ளை மறுபடியும் பள்ளிக்கூடம் போனாள்.

இரண்டு விஷயங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். வயதானவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், கடுமையான நோயாளிகள் ஆகியோருக்கு ஆடும் பயிற்சியும் பொருந்தாது. அவர்களுக்கு மாதாமாதம் தவறாமல் வரும் ஓய்வூதியம்தான் வேண்டும். உழைத்து முன்னேறு என்று அவர்களிடம் சொல்வது கொடுமை. இன்னொன்று, சாலையும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் அரசாங்கத்தின் கடமை, எந்தத் தொண்டு நிறுவனமும் அதற்கு மாற்றாகாது. நாங்கள் செய்ய முடிந்தது, இருக்கிற மருத்துவமனைக்கு ஒரு பெண்ணை முதல்முறை கையைப் பிடித்து அழைத்துப் போவது. இரண்டாவது முறை அவரே போய்விடுவார்.

இனி நன்கொடை கொடுக்கும் உங்கள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நான் பார்த்த கணக்குப் புத்தகங்களில் களப்பணியாளரின் சம்பளமும் அவர் ஊர் ஊராகப் போகும் வண்டிச் செலவும் 'நிர்வாகச் செலவு' என்ற தலைப்பில்தான் இருந்தன. ஆடு 'மக்களுக்குப் போய்ச் சேர்ந்த உதவி'. நன்கொடையாளர் வந்தால் முதல் கேள்வி, நிர்வாகச் செலவு எவ்வளவு சதவீதம் என்பதுதான். திருடர்கள் இருக்கிற உலகத்தில் அந்தக் கேள்வி நியாயமானதுதான், கேளுங்கள். ஆனால் அந்தச் சதவீதத்தைக் குறைக்க நிறுவனங்கள் முதலில் எதை வெட்டுகின்றன தெரியுமா? வாராந்தர வருகையை. மாதம் ஒரு முறை என்பார்கள், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிறகு அறிக்கை எழுதும்போது மட்டும். என் 40 குடும்பங்களுக்கு நடந்தது அதுதான். ஆகவே அடுத்த கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு பணியாளருக்கு எத்தனை வீடு? எத்தனை நாளைக்கு ஒரு முறை போகிறார்? முதல் வருமானம் வரும்வரை அந்த வீட்டுச் செலவுக்கு என்ன ஏற்பாடு? தடுப்பூசிக்கு யார் பொறுப்பு? இதற்குத் தயங்காமல் பதில் சொல்கிறவர்களுக்குக் கொடுங்கள். முடிந்தால், என் பணத்தை ஆட்டுக்கு வைக்க வேண்டாம், போய்வரும் ஆளின் சம்பளத்துக்கு வையுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். என் 23 வருடத்தில் அப்படி எழுதிக் கொடுத்தவர் ஒரே ஒருவர். அவருடைய பணத்தில்தான் நான் ஓடைக்கரைக்குப் போய்வந்தேன்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அந்தப் படத்தை எடுத்த உங்கள் புகைப்படக்காரரிடம் ஊரின் பெயரும் அந்த நாளின் தேதியும் இருக்கும். இன்றிலிருந்து ஆறு மாதம் கழித்து ஒரு முறை, இரண்டு வருடம் கழித்து ஒரு முறை அவரை அதே ஊருக்கு அனுப்புங்கள். விழா எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாளில் போகட்டும். ஓரத்தில் நின்று ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அந்தப் பெண்ணின் வீட்டைக் கேட்டுப் போகட்டும். கொட்டிலில் என்ன இருக்கிறது, பிள்ளைகள் எங்கே, கடைசியாக அந்த வீட்டுக்கு யார் வந்து போனார்கள் என்று மட்டும் விசாரித்து, முதல் படம் வந்த அதே பக்கத்தில் அதே அளவில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற களப்பணியாளர் ஒருவர்